எல்லோரும் சேர்ந்து ஒரு தட்டு

மலையை விட்டு இறங்கி நான் இப்போது இருக்கும் கன்னிவாடியில் கொசு அதிகம். சாயங்காலம் விளக்குப் போட்டதும் வீட்டில் யாராவது ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டுவார்கள். பட்டென்று ஒரு சத்தம். கொசு செத்ததோ தப்பியதோ, அந்தச் சத்தம் கேட்டதும் என் மேல்பல் போய்க் கீழுதட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நானாகச் செய்வதில்லை. சொல்ல ஒரு சொல் கூட வாயில் இருக்காது, ஆனால் வாய் தயாராகிவிடும். அடுத்து ஒன்றும் நடக்கப் போவதில்லை என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் பல் உதட்டை விடும்.

மலையில் கொசு இல்லை. அந்தக் குளிருக்குக் கொசு ஏறி வராது. அங்கே அந்தச் சத்தத்துக்கு வேறு சோலி இருந்தது.

செண்பகனூரைத் தாண்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து இறங்கும் சரிவில் இருந்தது நான் வேலை பார்த்த ரிசார்ட். வரவேற்புக் கவுண்டருக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாத ஒரு நீள வராந்தா. வெள்ளனே எல்லோரும் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். பிரீஃபிங் என்று பெயர். இன்றைக்கு யார் வருகிறார்கள், யார் அறையைக் காலி செய்கிறார்கள், எந்த அறையில் வெந்நீர் வரவில்லை என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கவுண்டருக்கும் எங்களுக்கும் பொறுப்பாக இருந்த மேடம் வரிசையை ஒரு முறை பார்ப்பார். பார்வை ஒருவர் மேல் நிற்கும். ஓர் இங்கிலீஷ் சொல்லைச் சொல்வார். அந்த ஆள் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால் பார்வை நகரும். வராவிட்டால், வரிசை முழுவதும் சேர்ந்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒரே தட்டு. இரண்டாவது தட்டினால் அது பாராட்டாகிவிடும் என்பார் மேடம். தட்டு வாங்கியவர் "தேங்க் யூ" சொல்ல வேண்டும். கையைத் தூக்காமல் நின்றவர் யாரோ, அவர்தான் மறுநாள் முதல் ஆள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் யாரும் அழுததில்லை. சிரித்தோம். அடுத்தவன் நாக்கு வழுக்கும்போது வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு இறங்கும், இன்றைக்கு நாமில்லை என்று. அந்த மலையில் எனக்குக் கிடைத்த ஒரே கணப்பு அதுதான்.

நான் பாச்சலூர்ப் பெண். அப்பா பீன்ஸும் சவ்சவ்வும் போட்ட காட்டில் இருந்து கீழே இறங்கிப் போய் இங்கிலீஷ் இலக்கியம் படித்தேன். நன்றாகப் படித்தேன். ஆனால் பேசியதில்லை. எங்களுக்குப் பாடம் நடத்தியவர்களும் இங்கிலீஷைத் தமிழில்தான் நடத்தினார்கள். கதைகளில் வந்த துரைமாரும் துரைசானிகளும் என் தலைக்குள் பாச்சலூர்க் குரலில்தான் பேசிக்கொண்டார்கள். காதலைச் சொல்வதும் கத்தியை எடுப்பதும் எல்லாமே எங்கள் ஊர் இழுவையில். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிவதும் பேசுவதும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வீடுகள் என்பது அந்த ரிசார்ட்டின் நேர்காணலில்தான் தெரிந்தது.

மேடம் தன் மேசைக்கு எதிரில் என்னை உட்காரச் சொல்லவில்லை. அறை விலைப் பட்டியலை நீட்டி வாசிக்கச் சொன்னார். பள்ளத்தாக்கு தெரியும் அறைகளுக்கு அங்கே 'வேலி வியூ' என்று பெயர். அதாவது, அப்படி இருப்பதாக நான் வாசித்தேன்.

"நீ ரூம் விக்கிறியா, வேலி விக்கிறியா?"

பக்கத்தில் பைகளைத் தூக்க நின்றிருந்த ஆள் வாயைப் பொத்திச் சிரித்தார். மேடம் எழுந்து வந்து தன் மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டினார். "பல்லை இங்க வை. காத்தை விடு. இப்ப சொல்லு." சொன்னேன். எச்சில் தெறித்தது. மேடம் கைக்குட்டையால் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "போன் ரூம்," என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

போன் ரூம் என்பது கவுண்டரின் பின்சுவரை ஒட்டி, அறை கேட்டு வரும் போன்களை எடுப்பதற்கென்று இருந்த ஜன்னல் இல்லாத அறை. அதில் இருப்பவர்களுக்கு வேலை சீசனோடு சரி. கூட்டம் குறைந்ததும் "அப்புறம் கூப்பிடுறோம்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். கவுண்டர் அப்படியில்லை. கவுண்டரில் நிற்பவருக்கு வேலை நிரந்தரம், தங்க இடம், அரக்கு நிறக் கோட்டு, காலடியில் ஹீட்டர், கண்ணுக்கு எதிரே கண்ணாடி வழியே பள்ளத்தாக்கு முழுவதும். பாச்சலூருக்குத் திரும்பிப் போய்ப் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நடக்கூடாது என்றால் நான் அந்தக் கவுண்டரில் ஏற வேண்டும். அதற்கு வழியை மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "உன் வாய் சரியாகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

மேடத்தின் வாய் சரியாக இருந்தது. அப்படி ஒரு இங்கிலீஷை நான் அதற்கு முன்பு நேரில் கேட்டதில்லை. அமெரிக்காவில் பிறந்தவர் போல, சொற்களின் நடுவே நாக்கைச் சுருட்டி, 'ட'வை எல்லாம் வெண்ணெய் போல மழித்து, மூச்சு விடாமல் வரும். கவுண்டரில் அவர் வாய் திறந்தால் வெள்ளைக்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். நம்மாட்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக நிற்பார்கள். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவும் இல்லை. இருந்தது அந்த நாக்கும், அந்த நாக்கு வாங்கித் தந்த கவுண்டரும்தான்.

என் முதல் தட்டும் அந்த 'வேலி'க்குத்தான். வரிசை ஒரே உள்ளங்கையாக மாறி என் முகத்துக்கு நேரே விரிந்து மூடியது. "தேங்க் யூ" என்றேன். அதுவும் சரியில்லை என்று இன்னொரு தட்டு. அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் சமையலறைப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பைகளைத் தூக்கும் அந்த ஆளை எல்லோரும் லக்கேஜ் அண்ணன் என்போம். பழனிக்காரர். வாசலில் வண்டி வந்து நின்றதும் 'வெல்கம்' சொல்ல வேண்டியது அவர் வேலை. அவருக்கு 'வெங்கலம்' என்றுதான் வரும். தினமும் சொல்வார், தினமும் வாங்குவார். எனக்குத் தட்டு விழுந்த அன்றைக்கு, தேயிலைத் தண்ணியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்கெல்லாம் மொகத்த தூக்கி வச்சா எப்பிடி தங்கச்சி? என்னையப் பாரு. 'தேங்க் யூ' மட்டும் எனக்கு வெள்ளக்காரன் தோத்தான் மாதிரி வரும். கேளு." சொல்லிக் காட்டினார். அச்சு அசலாக வந்தது. "தெனம் சொல்றேன்ல. மத்ததையும் இதே மாதிரி தெனம் பத்து தடவ சொல்ல விட்டிருந்தா இந்நேரம் நான் அம்பாசடர்."

"காரா அண்ணே?"

"தூதருடீ. படிச்ச புள்ளதான நீ?"

நான் பழகினேன். பேனாவைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார் மேடம். வாசித்தேன். கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகி, காரக் குழம்பு பட்டால் கண்ணில் நீர் வரும். பஸ்ஸில், கழிவறையில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே தனியாக நடக்கும்போது, 'வியூ, வியூ, வியூ' என்று பறவை மாதிரிக் கூவிக்கொண்டே போவேன். மூடுபனி வாய்க்குள் போய் வரும். எனக்கு அந்தப் பனியின் மேல் ஒரு வன்மம் இருந்தது. அது எல்லோர் வாயிலிருந்தும் ஒரே மாதிரிப் புகையாக வந்தது, மேடத்தின் வாயிலிருந்தும், என் வாயிலிருந்தும், கழுதையின் வாயிலிருந்தும்.

போனில் பேச எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயரும் கொடுத்தார்கள். அந்தப் பெயரோடு அந்தக் குரலும் மெல்ல என் தொண்டையில் குடியேறியது. ஒரு நாள் தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டான். பழக்கத்தில் எடுத்துவிட்டேன்.

"ஏ, யாரு பேசுறது? எங்கக்கா நம்பர்தான இது?"

"நான்தான்டா."

"நீயா? நான் கஸ்டமர் கேருன்னு நெனச்சேன். அம்மா, இந்தா, ஒம் மவ இங்கிலீசுல இருமுறா, வந்து கேளு."

அம்மா வந்தாள். என் குரலைக் கேட்டுவிட்டு, "சளி புடிச்சிருக்கா தாயி?" என்றாள்.

செண்பகனூர் வளைவில் டீயும் மளிகையும் வைத்திருந்த பாய்தான் மேடத்தைப் பற்றி எனக்குச் சொன்னார். கேட்காமலே சொன்னார். மேடம் அவர் கடைப் பக்கம் வர மாட்டார் என்பதில் அவருக்கு ஒரு வருத்தம்.

"தெரியுமாம்மா ஒனக்கு? அவுக அம்மா இந்த மேட்டு பங்களாவுல சமையல். வெள்ளக்காரக் குடும்பம். அந்தத் தொரசானி சத்தம் போட்டுக் கூப்புடாது, மருவாதியான பொம்பள. கையத் தட்டும். ஒரே தட்டு. அடுப்புல என்ன கெடந்து கருகினாலும் இந்த அம்மா ஓடணும். இந்தப் புள்ள முந்தானையப் புடிச்சிட்டுப் பின்னாலயே ஓடும். அந்த வீட்டுப் புள்ளைகளோடயே கெடந்து வளந்துச்சா, வாயி அப்பிடி ஆயிருச்சு. தமிழும் வெள்ளக்காரத் தமிழுதான். நாங்க தெருவுல நின்னு கையத் தட்டுவோம். வெடுக்குனு திரும்பிப் பாக்கும் பாரு." பாய் சிரித்தார். தேயிலைத்தூளை மடித்த காகிதத்தை என் கையில் வைத்தார். "சின்னப் புள்ளையில. வெளையாட்டுக்கு."

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போது இதைப் படிப்பவர் நினைக்கலாம். கன்னத்தில் புண் இருந்தது. எனக்கு வந்ததெல்லாம் ஓர் ஆயுதம் கிடைத்த நிம்மதி. அதைப் பயன்படுத்தத் தேவையே வரவில்லை, மற்றவர்கள் செய்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்துகொண்டே வந்தது. வந்தவர்கள் திருப்பூர், கோயமுத்தூர், மதுரை. குடும்பம் குடும்பமாக, பட்டுச்சேலையோடும் குல்லாவோடும், புளிச்சோற்றுத் தூக்கோடும். போன் ரூமில் என் புதுக் குரலுக்கு வரவேற்பு இல்லை. பழனியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லது கண்ணு. பக்கத்துல யாராச்சும் மனுசர் இருந்தா குடு." நான் குரலை மாற்றிக்கொண்டு, வேறு ஆள் போலத் தமிழில் பேசி அறையை விற்றேன். அதன் பிறகு அப்படியே செய்யத் தொடங்கினேன். ஆளைப் பார்த்து, பாதி அது, பாதி இது. மேடத்துக்குத் தெரிந்திருந்தால் தட்டு நிச்சயம்.

அப்போதுதான் ரிசார்ட் கை மாறியது. சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். என்னைவிடச் சின்னவர். யாரையும் அதட்ட மாட்டார், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வார். முதல் நாள் பிரீஃபிங்கை ஓரமாக நின்று பார்த்தார். லக்கேஜ் அண்ணனுக்குத் தட்டு விழுந்தபோது அவர் முகம் மலர்ந்தது. "சூப்பர் பிராக்டிஸ் மேடம். டீமுக்கு நல்லது. இதை விடாதீங்க."

மேடம் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் கவுண்டரில் திருப்பூர்க் குடும்பம் ஒன்று. பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, அறையில் ஹீட்டர் உண்டா, வயதான அம்மா வந்திருக்கிறாள் என்று தமிழில் கேட்டார். மேடம் தன் இங்கிலீஷில் பதில் சொன்னார். அவருக்கு அதுதான் மரியாதை. வந்தவரை உயர்ந்த இடத்தில் வைத்துப் பேசுவது அவருக்குத் தெரிந்த வரையில் அப்படித்தான். பெரியவர் மறுபடியும் கேட்டார். மேடம் இன்னும் கனிவாக, இன்னும் சுருட்டி, மறுபடியும் சொன்னார். பெரியவர் திரும்பித் தன் மகனிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாக, "என்னடா இந்தம்மா, சோத்துக்கு வந்த எடத்துல படம் காட்டுது," என்றார். கவுண்டரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரியாதவர் போலத் தானும் புன்னகைத்து, சாவியை நீட்டினார்.

அந்த மகன் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதிவிட்டான். மேனேஜர் அதைப் பிரீஃபிங்கில் போனைப் பார்த்து வாசித்தார். "'கவுண்டரில் இருக்கிற லேடி ஃபாரினர் மாதிரி சீன் போடுறாங்க. எங்க பாட்டிக்கு ஒரு வார்த்தை புரியலை. ஒரு ஸ்டார்.' இது மட்டும் இல்லை மேடம், இன்னும் இருக்கு. நான் வாசிக்கலை."

வாசிக்கவில்லை என்று சொன்னதில் அவர் குரல் தேனாக இருந்தது.

"ஒரு சின்ன எக்சர்சைஸ் பண்ணுவோமா? 'குட் மார்னிங், வெல்கம்'. நீங்கதான் தினமும் எல்லாருக்கும் சொல்லித் தர்றீங்க. இன்னைக்கு நீங்க சொல்லுங்க. ஆனா நம்ம மாதிரி. நார்மலா."

மேடம் சொன்னார். எப்போதும் போலத்தான் வந்தது.

"இல்ல மேடம். நம்ம மாதிரி."

மேடம் எங்களைப் பார்த்தார். நம்ம மாதிரி என்றால் எந்த மாதிரி என்று எங்கள் வாய்களில் தேடினார். மறுபடியும் சொன்னார். இந்த முறை நாக்கை நிமிர்த்தப் பார்த்தார், சொல்லை இரண்டாக உடைத்துத் தட்டையாக்கப் பார்த்தார். என்னவோ ஒன்று வெளியே வந்தது. அது வெள்ளைக்காரர்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. அறுத்த கோழி இரண்டடி ஓடுமே, அப்படி ஓடி விழுந்தது. வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒளித்துவைக்க ஒரு நாக்கு, காட்ட ஒரு நாக்கு. அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

மேனேஜர் வரிசையின் பக்கம் திரும்பினார். புருவத்தை மட்டும் தூக்கினார்.

முதல் தட்டு லக்கேஜ் அண்ணனுடையது. பிறகு இந்த ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழத் தொடங்குவது போல இங்கும் அங்கும். என்னுடையதும் அதில் இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் கைகளைப் பார்த்தோம், எல்லோருடைய கைகளும் சிவப்பாக, ஆசையாக இருந்தன.

மேடம் அது ஓயும் வரை காத்திருந்தார்.

"டுகெதர்," என்றார். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒண்ணா தட்டணும். இப்படிப் பிஞ்சு பிஞ்சு தட்டினா அசிங்கமா இருக்கு. அகெய்ன்."

தட்டினோம். ஒரே தட்டு. ஒரே ஆள் தட்டியது போல. அத்தனை காலப் பயிற்சியில் அவ்வளவு சுத்தமாக அது ஒரு நாளும் விழுந்ததில்லை. வராந்தாவின் கடைசிக் கதவில் போய் முட்டித் திரும்பியது.

"தேங்க் யூ," என்றார் மேடம்.

அந்த வாரமே கவுண்டர் எனக்கு வந்தது. மேனேஜர் என்னை அழைத்து, "உங்க வாய்ஸ் நியூட்ரல். அதான் வேணும். இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல," என்றார். நான் தேறியதால் வந்ததில்லை அது. பாதியில் நின்றுபோனதால் வந்தது. மேடம் சொன்னபடி என் வாய் முழுதாகச் சரியாகியிருந்தால் நானும் அவரைப் போலவே வேண்டாதவள் ஆகியிருப்பேன்.

அரக்குக் கோட்டு அவருடையதுதான். தோளைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். பையில் ஒரு இருமல் மிட்டாய் காகிதத்தோடு கிடந்தது. தின்றுவிட்டேன்.

அவரை அனுப்பிவிடவில்லை, அதுதான் கொடுமை. என் நாற்காலியில் வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில், சீசன் முடியும் வரை. கவுண்டரில் நிற்கும்போது பின்சுவர் வழியாக அவர் குரல் எனக்குக் கேட்கும். கூப்பிட்டவர்கள் பேசுவது கேட்காது, ஆனால் அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் பழக்கம் உள்ளவர், அதனால் சில சமயம் அதுவும் கேட்கும்.

"ஏலே, மிஷின் பேசுதுடா. எந்த நம்பர அமுக்கணும்?"

"சார், ஐ ஆம் எ பெர்சன், சார்."

"ஒண்ண அமுக்கிப் பாரு."

ஒரு கீச்சுச் சத்தம்.

"சார், ப்ளீஸ், டோன்ட் பிரஸ். நான் மனுஷிதான் பேசறேன்."

"ரெண்ட அமுக்கு. தமிழு ரெண்டுல வரும்."

மறுபடியும் கீச்சு. அவர் தமிழில் சொன்னாலும் அவர்களுக்கு அது மிஷின் தமிழாகத்தான் பட்டது. இப்படித் தினமும். நான் கவுண்டரில் நின்று, காலடியில் ஹீட்டரின் சூட்டோடு, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். லக்கேஜ் அண்ணன் பைகளோடு போகிறபோக்கில் என் காதோரம் வந்து, "தமிழுக்கு ரெண்ட அமுக்கவும்," என்று கிசுகிசுத்துவிட்டுப் போவார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

மேனேஜருக்கு அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று நினைக்கிறேன். மிஷின் என்றே நினைக்கிறார்கள் என்றால் மிஷினே இருந்துவிட்டுப் போகட்டும். குரலைப் பதிவு செய்து வைத்துவிடுவது. ஆனால் மேடத்தின் குரல் இல்லை, என் குரல்.

பதிவு செய்ய அமைதியான இடம் போன் ரூம் ஒன்றுதான். மேடம் அங்கே இருந்தார். அவரை வெளியே போகச் சொல்ல மேனேஜருக்குத் தோன்றவில்லை. கதவு கிறீச்சிடும் என்பதால் மேடமே அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். சாலையில் லாரி போகும்போது உள்ளங்கையை உயர்த்தி என்னை நிறுத்துவார், சத்தம் அடங்கியதும் தலையசைப்பார். நான் பேசினேன். இங்கிலீஷுக்கு ஒன்று. தமிழுக்கு இரண்டு. பள்ளத்தாக்கு தெரியும் அறைகளுக்கு மூன்று. அந்த இடத்தில் என் உதடுகள் இரண்டும் கூடிக்கொண்டன, பல் வரவில்லை. பழைய 'வேலி'.

மேடத்தின் விரல் தன் கீழுதட்டைத் தொட்டது. கண்களை விரித்து என்னைப் பார்த்தார். பல், பல்.

"திரும்பச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும்," என்றார் மேனேஜர். "அதுதான் நேச்சுரலா இருக்கு."

விரல் உதட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கதவுக்குப் போயிற்று.

மேடம் போன நாள் தூறல். கோயமுத்தூரில் அக்கா மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். செண்பகனூர் வளைவில்தான் பஸ் ஏற வேண்டும், பாய் கடைக்கு எதிரே. சமையல்காரரிடம் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வழியனுப்பப் போனேன். ஏன் போனேன் என்று இன்று வரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். குளிர் என்பதால் கழற்றவில்லை.

லக்கேஜ் அண்ணன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமேம்மா. இத்தன வருசத்துல நம்ம கடையில ஒரு டீ குடிச்சதில்ல நீங்க."

"நோ, தேங்க் யூ," என்றார் மேடம்.

"அங்க போயி என்ன செய்யப் போறீக? டியூசன் எடுங்க. ஒங்க வாயிக்கு கோயமுத்தூர்ல காசு கொட்டும்."

மேடம் பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அது முகத்தில் தெரிந்தது. அதனால்தான் அது அவரை இன்னும் சுட்டிருக்கும்.

பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கிய லக்கேஜ் அண்ணன், காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே நேராக நின்று, "தேங்க் யூ, மேடம்," என்றார். அச்சு அசலாக.

மேடம் ஒரு பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். "குட்," என்றார்.

பிறகு என் பக்கம் பார்த்தார். கோட்டின் தோள் தையலைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷில் சொல்லத் துணிச்சல் இல்லை.

"போயிட்டு வாங்க மேடம்."

"தமிழும் உனக்குச் சரியா வரல," என்றார். தமிழில்தான் சொன்னார், அந்தச் சுருண்ட தமிழில். "திரும்பி வர்றவங்களுக்குத்தான் 'வாங்க'. எனக்கு என்ன சொல்லணும்?"

கண்டக்டர் பின்படியிலிருந்து விசிலை வாயில் வைத்தார். நான் கண்டக்டரைப் பார்த்தேன்.

"சொல்லு. கேக்கறேன்ல."

"போங்க," என்றேன்.

விசில் ஒலித்தது. பஸ் நகர்ந்தது. மேடம் ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, காதை என் பக்கம் சாய்த்தார்.

"அகெய்ன்."

"போங்க."